அக்கா கொடுத்த எஞ்சின்

என் வீட்டுக்காரருக்குக் கடையில் வைத்திருக்கிற பெயர் ‘அட்ஜஸ்ட்’. கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு கம்பெனி லென்ஸை எடுத்து, ஓரத்தைத் தேய்த்து, வேறொரு கம்பெனி ஃப்ரேமுக்குள் உட்கார வைப்பதுதான் நாள் முழுக்க இவர் செய்வது. மூக்கில் வழுக்குகிறது என்று வருகிறவர்களுக்கும் காதைக் கடிக்கிறது என்று வருகிறவர்களுக்கும் இவரிடம் ஒரே பதில்தான். “குடுங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிடலாம்.” சொன்னபடி செய்தும் கொடுத்துவிடுவார். அதனால் அந்தப் பெயரில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தும் அதையே செய்கிறாரே என்பதுதான் என் குறை.

இவருக்கு ‘இல்லை’ என்ற வார்த்தை வாயில் வராது. யார் முகமும் கோணக்கூடாது. முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஃப்ரேமை மாட்டிக்கொண்டு நிற்கிறவரிடம் “எடுப்பா இருக்கு சார்” என்பார். நான் சர்க்கரை போட மறந்த காபியைக் குடித்துவிட்டு “நல்லா இருக்கு” என்பார். பிறகு நான் ஒரு வாய் குடித்துவிட்டு இவரை முறைத்தால், “நல்லாத்தான் இருந்தது, கொஞ்சம் கசந்தது, அவ்வளவுதான்” என்று அசடு வழிவார். இப்படி ஒருவரோடு குடும்பம் நடத்துவது சுகம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வந்து நடத்திப் பார்க்கட்டும்.

பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போனதும் ஓர் அறை காலியானது. அதில் நான் தையல் மெஷின் போடலாம் என்று இருந்தேன். அதற்குள் இவர் சுவருக்குச் சுவர் ப்ளைவுட் பலகை போட்டு, அதன் மேல் ரயில் விட ஆரம்பித்துவிட்டார். தண்டவாளம், ஸ்டேஷன், சிக்னல், கைவிரல் நீள எஞ்சின் எல்லாம் ஒரே கம்பெனி. முதன்முதலாக வாங்கிய கறுப்பு எஞ்சினைத் துடைப்பதற்கென்று கடையிலிருந்து கண்ணாடி துடைக்கும் துணி கொண்டுவந்து வைத்திருந்தார். அதோடு நின்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் ஒருவருக்கு ரயில் பிடிக்கும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் வீட்டுக்கு வருகிறவர்கள் பழம் வாங்கி வரமாட்டார்கள்.

முதலில் வந்தவர் என் தங்கை வீட்டுக்காரர். “சகலை, உங்களுக்குன்னே பாத்து வாங்கினேன்” என்று அவர் நீட்டிய ரயில், இவருடைய ரயிலில் பாதிதான் இருந்தது. தண்டவாளத்தில் வைத்தால் இரண்டு கம்பிக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. ‘இது வேற சைஸ்’ என்று சொல்லவேண்டியதுதானே? “பிரமாதம்” என்றார். அப்புறம் பலகையின் கடைக்கோடியில் அட்டையையும் பிளாஸ்டரையும் வைத்து ஒரு மலை கட்டி, மலை மேல் அந்தப் பொடி ரயிலுக்குத் தனியாக ஒரு குட்டித் தண்டவாளம் போட்டார். தூரத்தில் போகிற ரயில் சின்னதாகத்தானே தெரியும்! சகலை அதைப் பார்த்து, “உங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு” என்று பூரித்துப் போனார்.

அடுத்தது கடை முதலாளி. அவர் கொடுத்தது நீள நீளமான பயணிகள் பெட்டி. அளவு சரிதான், கம்பெனிதான் வேறு. வளைவில் திரும்பும்போது பெட்டியின் வயிறு உள்பக்கம் தள்ளிக்கொண்டு வந்து, பிளாட்பாரத்தில் நின்ற பொம்மைப் பயணிகளையெல்லாம் கீழே தள்ளிவிட்டுப் போனது. முதலாளியிடம் சொல்வாரா இவர்? பிளாட்பாரத்தை அரத்தால் தேய்த்தார். இப்போது எங்கள் ஸ்டேஷனில் ரயில் ஏற வேண்டுமானால் பொம்மைகள் தாண்டிக் குதிக்கவேண்டும்.

கீழ்வீட்டுக்காரர் கொடுத்த சரக்குப் பெட்டிகளின் கொக்கி வேறு மாதிரி. இவருடைய பெட்டிகளில் ஒரு வளையமும் அதில் மாட்டுகிற கொக்கியும் இருக்கும். அவருடையதில் மடக்கிய விரல்கள் போல ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்கிற அமைப்பு. அதுவும் இதுவும் சேரவே சேராது. இவர் ஒரு பெட்டியை எடுத்து முன்பக்கம் ஒரு கம்பெனிக் கொக்கியும் பின்பக்கம் இன்னொரு கம்பெனிக் கொக்கியும் வைத்து நடுவில் மாட்டினார். இரண்டு வீட்டாரையும் சேர்த்து வைக்கிற அந்தப் பெட்டிக்கு நான் ‘தரகர்’ என்று பெயர் வைத்தேன். இவர் சிரிக்கவில்லை. கொக்கியின் உயரம் ஒரு மயிரிழை குறைவாக இருக்கிறது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பேர் மனசையும் கோணாமல் பார்த்துக்கொண்டவர், தன் கூடப்பிறந்த அக்காவின் மனசைத்தான் உடைத்துவிட்டார்.

இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். என் நாத்தனார் வாசலில் காலை வைக்கவும், மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. என் பெரியம்மாவுக்கு எப்போதுமே வாய் சும்மா இருக்காது. “நாத்தனார் வந்தாங்க, வீடே இருண்டு போச்சு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் மத்தியில் சிரிக்காமல் நின்றால் பெரியம்மா முகம் கோணுமே என்று இவரும் சிரித்தார். நாத்தனார் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனவர்தான். வருஷங்கள் ஓடிவிட்டன. போன் செய்தால் எடுக்கமாட்டார். சின்ன வயதில் இவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவர் அவர். அம்மா அப்பா போன பிறகு இவருக்கு மிச்சம் இருக்கிற பிறந்த வீடே அவர்தான். இவர் அதைப் பற்றிப் பேசமாட்டார். ஆனால் அவர் பேச்சு வந்தால் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார்.

மகளுக்குக் குளிர்சட்டை அனுப்ப நான் பார்சல் ஆபீசுக்குப் போனபோது, கவுன்டரில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். பார்சல் ஆபீசில்தான் அவருக்கு வேலை. இந்தக் கிளைக்கு மாற்றி வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் வரிசை நின்றது, ஓடவும் முடியவில்லை. அவர் என் பொட்டலத்தைக் கையில் வாங்கி லேசாக ஒரு தூக்குத் தூக்கி, எடையைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் தராசில் வைத்தார். தராசும் அதையே சொன்னது.

“எப்படி இருக்கான்?” என்றார், ரசீதைப் பார்த்துக்கொண்டே.

“ரயில் வெச்சு விளையாடிட்டு இருக்கார் அண்ணி.”

“ரயிலா? இந்த வயசுலயா?”

“வந்து பாருங்களேன். நீங்க சொன்னாலாவது அடங்குவார்.”

அவர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். சரி, கோபம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்கிறார்! கையில் ஒரு பெட்டி.

இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியைத் துடைக்கிறார், துடைத்த நாற்காலியையே மறுபடி துடைக்கிறார். நாத்தனார் பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சை நிறத்தில் ஓர் எஞ்சின். அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

“கடையில இருந்ததுலேயே கனமானது இதுதான்டா. கையில வாங்கினதுமே தெரிஞ்சுபோச்சு, நல்ல பொருள்னு. வர்ற வழியெல்லாம் மடியிலதான் வெச்சுக்கிட்டு வந்தேன்.”

“பிரமாதம்க்கா” என்று வாங்கிய இவர், திருப்பிக்கூடப் பார்க்காமல் ஓடுகிற தண்டவாளத்தில் கொண்டுபோய் வைத்தார். டக் என்று ஒரு சத்தம். மலை மேல் ரயில் நின்றது. முதலாளி ரயில் நின்றது. ஸ்டேஷன் விளக்கு, சிக்னல் எல்லாம் அணைந்தன.

நாத்தனார் இருண்டு கிடந்த ஸ்டேஷனையே பார்த்துக்கொண்டு நின்றார். “நான் கொண்டு வந்து வெச்சதும் நின்னுடுச்சு, இல்ல?” என்றார் மெதுவாக.

“ஐயோ, இல்லக்கா! இது லைன்ல ஏதோ கோளாறு. காலையிலேர்ந்தே இப்படித்தான். உன் வண்டிக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை வா, ஜம்முனு ஓட்டிக் காமிக்கிறேன்.”

காலையிலிருந்து ஒரு கோளாறும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நாத்தனாருக்கும் தெரிந்திருக்கும். “ஓடினா சொல்லு, வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஓடாவிட்டால் வரமாட்டார் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று வாசற்படியிலேயே எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது.

கோளாறு என்னவென்று இவர் எனக்கு விளக்கினார். இவருடைய ரயிலுக்கு மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் வந்து மற்றதில் திரும்பிப் போகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அதற்காக எஞ்சினில் ஒரு பக்கச் சக்கரத்துக்கும் மறுபக்கச் சக்கரத்துக்கும் நடுவில் தடுப்பு இருக்கும். அக்கா வாங்கியது வேறு வகை. அதற்கு நடுவில் மூன்றாவதாக ஒரு கம்பி வேண்டும். இரண்டு பக்கச் சக்கரமும் அச்சும் முழு இரும்பு. இவருடைய தண்டவாளத்தில் அதை வைத்தால் இரண்டு கம்பியும் ஒன்றாகிவிடும், எல்லாம் நின்றுவிடும்.

“அப்ப இதை ஓட்டவே முடியாதா?”

“முடியாது.”

“அப்ப அதை அண்ணிகிட்ட சொல்லுங்க.”

“எப்படிச் சொல்றது? உன் வண்டி வந்தாலே எல்லாம் நின்னுடும்னா சொல்றது?”

நான் பச்சை எஞ்சினைப் பெட்டிக்குள் எடுத்து வைத்தேன்.

அந்த வாரம் முழுக்க இவர் கடை விட்டதும் நேராக ரயில் கடைக்குத்தான் போனார். அக்கா எஞ்சினின் மேல்கூட்டை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், அதற்குள் உட்காருகிற மாதிரி வேறு கம்பெனி அடிப்பாகம் இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு கம்பெனியுடையது நீளம். இன்னொன்றில் மோட்டார் உயரம், கூடு மூடவில்லை. மூன்றாவது உள்ளே போனது, ஆனால் சக்கரங்கள் கூட்டின் வளைவுக்கு நேராக வரவில்லை. கடைக்காரர், “சார், நீங்க லென்ஸ் மாட்டறதா நெனச்சுக்கிட்டீங்களா?” என்று கேட்டாராம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பொருந்தியது எது தெரியுமா? இவருடைய அந்தக் கறுப்பு எஞ்சினின் அடிப்பாகம். அதை இவர் திருகு திருகாகக் கழற்றியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். “ஏங்க, அதையா?” என்றேன். “பரவாயில்ல” என்றார். முகத்தைப் பார்த்தால் பரவாயில்லாத மாதிரி தெரியவில்லை. அக்கா எஞ்சினுக்குள் இருந்த பெரிய இரும்புக் கட்டியை எடுத்தால்தான் மோட்டார் உட்கார்ந்தது; அதையும் எடுத்தார். இரும்பும் பழைய சக்கரங்களும் மேசை இழுப்பறைக்குள் போயின. எனக்கு இது சரியாகப் படவில்லை, சொல்லவும் செய்தேன். காதில் வாங்கினால்தானே.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். இவர் கரண்ட் பெட்டியின் கைப்பிடியைத் திருப்பினார். பச்சை எஞ்சின் முதலாளியின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, தரகரைக் கூட்டிக்கொண்டு, கீழ்வீட்டுச் சரக்கையும் சேர்த்துக்கொண்டு, வளைவில் ஓடி, ஸ்டேஷனுக்குள் புகுந்து வெளியே வந்தது. ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை. நாத்தனார் சின்னப் பெண் மாதிரி கை தட்டினார். “ஓடுதுடா!” என்றார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்க்கிறேன். பொய்யோ மெய்யோ, நன்றாக இருக்கட்டும் என்று எனக்குமே தோன்றிவிட்டது.

“நிறுத்து, நிறுத்து. ஒரு தடவ கையில எடுத்துப் பாக்கறேன்.”

இவர் தடுப்பதற்குள் எடுத்துவிட்டார். பார்சல் ஆபீசில் பொட்டலத்தைத் தூக்குகிற அதே தூக்கு. கை பாதியில் நின்றது. சிரிப்பும் நின்றது.

“இது என்னுது இல்ல.”

“உன்னுதுதான்க்கா. பாரு, அதே பச்சை…”

“பச்சை என்னுதுதான். உள்ள இருக்கறது யாருது?”

இவர் பார்வை மேசை இழுப்பறைக்குப் போனது. கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று.

“லேசா… கொஞ்சம் அட்ஜஸ்ட்…”

“அன்னைக்கும் அதானே பண்ண?” என்றார் நாத்தனார். “எல்லாரும் சிரிச்சாங்க, நீயும் அதுக்கேத்த மாதிரி சிரிச்ச. இன்னைக்கு நான் சந்தோஷப்படணும்னு இப்படி ஒண்ணு. என்கிட்ட நெசமா ஒரு வார்த்தை பேசவே மாட்டியாடா நீ?”

எஞ்சினை மேசையில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். போய்விட்டால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்தது. நான் குறுக்கே விழுந்து ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் பேசினார்.

“ஓடாதுக்கா.”

நாத்தனார் நின்றார்.

“உன் வண்டி என் லைன்ல ஓடவே ஓடாது. அன்னைக்கு எல்லாம் நின்னது அதை வெச்சதாலதான். அது நல்ல வண்டி, என் லைனும் நல்ல லைன், ரெண்டுக்கும் ஒத்துவராது. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல எனக்குத் துப்பு இல்ல. எங்க மறுபடி நீ வராம போயிடுவியோன்னு பயம்.” மேசையில் இருந்த பச்சை எஞ்சினைப் பார்த்தார். “அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது. பெரியம்மா வாயை அடக்கியிருக்கணும். தப்பு என் மேலதான்க்கா.”

இவர் அழவில்லை, நான்தான் அழுதேன். நாத்தனார் பையைக் கீழே வைத்தார். அப்புறம் துடைத்துத் துடைத்துப் பளபளத்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஓடாதுன்னு சொன்னா யாராவது கோவிச்சுப்பாங்களாடா?” என்றார். சொல்லியிருந்தால் அவரே கோவித்துக்கொண்டிருப்பார். ஆனால் அதை அவரிடம் சொல்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

“உள்ள இருக்கறது யாருது? அதைச் சொல்லு முதல்ல.”

“என் கறுப்பு எஞ்சினோடது.”

“லூசு. கழட்டி அதுக்கே மாட்டு. என்னுது அப்படியே ஷோகேஸ்ல நிக்கட்டும். கெளம்பு, கடைக்குப் போகலாம். உன் லைன்ல ஓடறதா வேற ஒண்ணு எடுக்கணும். ஏம்மா, நீயும் வா.”

ரயில் கடைக்காரர் இவரைப் பார்த்ததும் “இன்னைக்கு எதைக் கழட்டணும் சார்?” என்றார். நாத்தனார் கண்ணாடி அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு நீல எஞ்சினைக் காட்டினார். இவர் அதைத் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து லென்ஸ் தடிமன் பார்க்கிற கருவியை எடுத்துச் சக்கர விளிம்பை அளந்தார். “வேணாம்க்கா” என்றார், அவ்வளவு மெதுவாக. “சக்கர விளிம்பு ஆழம் ஜாஸ்தி. என் தண்டவாளம் உயரம் கம்மி, அடியில இருக்கற கட்டையில தட்டிக்கிட்டே ஓடும்.”

நாத்தனார் இன்னொன்றைக் காட்டினார். “இது உள்ள சிப் வெச்சது. இது கேக்கற கரண்ட் வேற. என்கிட்ட வந்தா உறுமிக்கிட்டு நிக்கும். வேணாம்.” இந்த முறை குரல் கொஞ்சம் கேட்டது.

“இதோ, இது ஓடும்” என்று இவராகவே ஒரு குட்டி மஞ்சள் எஞ்சினை எடுத்தார். கொக்கி சரி, சக்கரம் சரி, கடைக்காரரின் சோதனைத் தண்டவாளத்தில் சமர்த்தாக ஓடியது.

“இதா? தகர டப்பா மாதிரி இருக்கு” என்றார் நாத்தனார். “இதை எவன்டா மடியில வெச்சுக் கொண்டு வருவான்?”

“மடியில வெக்கறதுக்கா வாங்கறோம், ஓட்டறதுக்குத்தானே?”

“உனக்கு ரசனையே கெடையாது. சின்ன வயசுலேர்ந்தே.”

“உனக்கு மட்டும் ரொம்ப இருக்காக்கும்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் நாத்தனார் கண்ணில் மேல் தட்டில் இருந்த அந்தப் பெரிய எஞ்சின் பட்டது. பச்சை. அவர் வாங்கிக் கொடுத்ததை விடப் பெரிது, இன்னும் அழகு. கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்; முகமெல்லாம் மலர்ந்தது. “கனம்னா இது கனம்” என்றார். “மேடம், இது ரெண்டு தண்டவாளத்துல ஓடறதுதான்” என்றார் கடைக்காரர். இவர் வாங்கிக் கீழே திருப்பினார். வரிசையாக எத்தனையோ பெரிய சக்கரங்கள். அளந்தார். மறுபடியும் அளந்தார்.

“வளைவு…” என்று இழுத்தார். “இத்தனை சக்கரம் ஒரே வரிசையில இருந்தா என் வளைவுல திரும்பாது. ஏறி வெளிய விழும்.”

“அதனால என்ன சார்? வளைவைப் பிரிச்சுப் பெருசா போட்டுட்டா போச்சு” என்றார் கடைக்காரர்.

நாத்தனார் ஆசையோடு இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், இப்போது என்ன நடக்கும் என்று. வளைவைப் பிரிப்பார், பலகையை இழுப்பார், சுவர் போதாது, என் அலமாரி வெளியே போகும். இத்தனை வருஷம் கழித்து வந்த அக்கா, அதுவும் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார். இவர் எஞ்சினைத் திருப்பிச் சக்கரங்களை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அக்காவின் கண்ணைப் பார்த்தார்.

“வேணாம்க்கா. இது நம்ம வீட்டுக்குச் சரிப்படாது.”

நாத்தனாரின் முகம் விழுந்தது. இவர் பார்க்கவே பயப்படுகிற முகம் அது. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், மறுபடி மலர்ந்துவிடும். இவர் மாற்றிச் சொல்லவில்லை. பார்வையையும் திருப்பவில்லை.

நாத்தனார் இவரை மேலும் கீழும் பார்த்தார். எஞ்சினை இவர் கையிலிருந்து வாங்கி, கடைசியாக ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் நீட்டினார்.

“உள்ள எடுத்து வைங்க” என்றார், கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. “எங்க தம்பி வேணாம்னு சொல்லிட்டான்.”